தூக்குநூலும் காந்த ஊசியும்

வண்டலூர் இருப்புப்பாதை நிலையத்திற்கு அணித்தாக ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் ஆளுயரம் வந்துவிட்டது. கொத்தனார் தம் பையிலிருந்து ஒரு நூற்கண்டை எடுத்தார். நூலின் நுனியில் கூரிய மூக்குடைய சிறு குண்டு ஒன்று தொங்கியது. சுவரின் உச்சியில் நூலைப் பிடித்துக் குண்டைக் கீழே விட்டார். அது இப்படியும் அப்படியும் ஆடி, ஆட்டம் குறைந்து, பின் அசையாது நின்றது. அதைப் பார்த்தவர், நேற்று வைத்த இரண்டு வரிசைக் கற்களைப் பெயர்த்தெடுக்கும்படி சித்தாளிடம் சொன்னார்.

பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த சிறுவன் ஒருவன் அதனைக் கண்டு நின்றான். "சுவர் நேராகத்தானே இருக்கிறது, ஐயா?" என்றான்.

"பார்வைக்கு நேராகத்தான் இருக்கும், தம்பி. கண் பொய் சொல்லும், தூக்குக் குண்டு பொய் சொல்லாது," என்றார் கொத்தனார்.

அவர் கூறியது அவர் தொழிலுக்கு முற்றிலும் பொருந்தும். எனினும், தூக்குக் குண்டும் பொய் சொல்லியது என்று ஒரு காலத்தில் பெரிய வழக்கே எழுந்தது. அவ்வழக்கின் முதல் ஏடு வண்டலூருக்கு வடக்கே, கூப்பிடு தொலைவு என்று சொல்லத்தக்க பரங்கிமலையின் அடிவாரத்தில் எழுதப்பட்டது. அதனைச் சொல்லுமுன், குண்டு ஏன் கீழ்நோக்கித் தொங்குகிறது என்பதைச் சிறிது காண்போம்.

குண்டைப் பிடித்து இழுக்கும் கை எதுவும் நம் கண்ணுக்குத் தோன்றவில்லை. இழுப்பது பூமி. பொருள் ஒவ்வொன்றும் மற்றப் பொருள் ஒவ்வொன்றையும் தன்பால் இழுக்கின்றது என்றும், பொருண்மை மிகுந்தால் இழுப்பு மிகும் என்றும், தொலைவு இரு மடங்கானால் இழுப்பு நாலில் ஒரு பங்காகக் குறையும் என்றும் 1687ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் நியூட்டன் நிறுவினார். கையிலிருந்து நழுவிய கல் முதல் ஒரு நொடியில் ஏறத்தாழ 4.9 மீட்டர் விழுகின்றது. சந்திரன் பூமியின் நடுவிலிருந்து கல் இருப்பதைக் காட்டிலும் 60 மடங்கு தொலைவில் உள்ளது. ஆகவே அதன்மேல் இழுப்பு 3,600இல் ஒரு பங்கு. கணக்கிட்டால், சந்திரன் ஒரு நொடியில் பூமியை நோக்கி ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுதியாக விழவேண்டும். அவ்வாறே விழுகின்றது. பக்கவாட்டில் விரைந்து செல்வதனால் அது நம்மேல் விழாமல் நம்மைச் சுற்றி வளைந்து விழுந்துகொண்டே இருக்கின்றது. கொத்தனாரின் குண்டையும் சந்திரனையும் பிடித்திருப்பது ஒரே விசை.

இவ்விசை பூமியின் நடுவை நோக்கி இழுப்பதனால், வண்டலூரில் தொங்கும் நூலும் கன்னியாகுமரியில் தொங்கும் நூலும் ஒன்றுக்கொன்று இணையாக இரா. இரண்டும் கீழே நீண்டு சென்றால் பூமியின் நடுவை அணுகிக் கூடும். இரு நூல்களுக்கும் இடையே ஏறக்குறைய 5 பாகைக் கோணம் உண்டு. இந்தச் சிறு உண்மையே நாட்டை அளப்போர்க்குப் பெருந்துணையாயிற்று. வானத்து மீன் ஒன்று ஓரூரில் உச்சியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றது, மற்றோர் ஊரில் எவ்வளவு விலகி நிற்கின்றது என்று அளந்தால், அவ்விரண்டு ஊர்களுக்கும் இடையேயுள்ள பாகையைக் கண்டுகொள்ளலாம். உச்சி எது என்று காட்டுவது யார்? தூக்குநூலே.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்னும் படைத்துறை அலுவலர், பரங்கிமலைக்கு அருகிலுள்ள சமவெளியிலிருந்து பெரும்பாக்கம் வரையில் ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். அளக்கும் கருவி 100 அடி நீளமுள்ள ஓர் எஃகுச் சங்கிலி. அச்சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. சீனப் பேரரசர்க்குக் காணிக்கையாகக் கொண்டுசெல்லப்பட்டு, அவர் விரும்பாமையால் திரும்பி, கைமாறிக் கைமாறி லாம்டனிடம் வந்து சேர்ந்தது அது. சித்திரை, வைகாசி வெயிலில் எஃகு நீளும் என்பதனால், சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரத் துணியால் நிழல் செய்து, அருகே வெப்பமானிகளை வைத்து அளந்தார்கள். ஏறக்குறைய 400 முறை சங்கிலி போடப்பட்டது. இன்று அவ்வழியெல்லாம் வீடுகளும் கடைகளும் பெருகிவிட்டன. அன்று வயலும் புதரும் ஏரிக்கரையுமாக இருந்திருக்கும்.

இந்த ஒரு கோட்டை அடிப்படையாகக் கொண்டு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக நாடு முழுவதையும் அளக்கலாயினர். குன்றுகள் இல்லாத தஞ்சைச் சமவெளியில் கோயிற் கோபுரங்களின்மேல் கருவியை ஏற்றினார்கள். 1808ஆம் ஆண்டில் தஞ்சையில், ஏறத்தாழ அரை டன் எடையுள்ள கோணமானியைக் கயிறு கட்டி மேலே இழுத்தபோது கயிறு அறுந்தது. கருவி கோபுரச் சுவரில் மோதி நசுங்கிற்று. லாம்டன் மனம் தளராமல், கூடாரத்திற்குள் இருந்துகொண்டு நாட்கணக்கில் தம் கையாலேயே அதனைச் சீர்ப்படுத்தினார். 1823இல் வட நாடு நோக்கிச் செல்லும் வழியில், ஹிங்கன்காட் என்னும் ஊரில் அவர் உயிர் நீத்தார். அவருக்குப்பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அப்பணியை இமயத்தின் அடிவாரம் வரையில் கொண்டுசென்றார்.

அங்கேதான் வழக்குத் தொடங்கியது.

இமயமலைக்கு அருகே கலியானா என்றோர் ஊரும், அதற்குத் தெற்கே நடு இந்தியாவில் கலியான்பூர் என்றோர் ஊரும் உள்ளன. இவற்றிற்கு இடையே தொலைவு ஏறத்தாழ 600 கிலோமீட்டர். இத்தொலைவை இரு வழிகளில் அளந்தனர். சங்கிலியும் முக்கோணமும் ஒரு வழி. தூக்குநூலும் விண்மீனும் மற்றொரு வழி. இரண்டு விடைகளும் ஒத்துவரவேண்டும். ஒத்துவரவில்லை. 5.236 விகலை வேறுபாடு நின்றது.

விகலை என்பது என்ன? ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு விகலை. நம் கொத்தனார் கட்டும் 3 மீட்டர் உயரச் சுவரில் ஒரு விகலைப் பிசகு என்பது, ஒரு மில்லிமீட்டரை அறுபது பங்கிட்டால் அதில் ஒரு பங்கினும் குறைவு. அதனைக் குற்றம் என்று கூறுவார் எவரும் இலர். ஆனால் பூமியின் மேற்பரப்பில் ஒரு விகலை ஏறத்தாழ 31 மீட்டர். எனவே 5.236 விகலை என்றால் 160 மீட்டருக்குச் சற்று மிகுதி. 600 கிலோமீட்டரில் இது பெரிதன்று என்று நாம் எண்ணலாம். வெப்பத்தினால் சங்கிலி நீளும் மயிரிழை நீட்சியையும் கணக்கிற் சேர்த்தவர்கள் அவ்வாறு எண்ண இயலுமா? நாற்பது ஆண்டு உழைப்பின் நேர்மையே அங்கு வினாவாக நின்றது.

கல்கத்தாவில் இருந்த ஜான் ஹென்றி பிராட் என்பவர் சமயப் பணியாளர், கணிதத்திலும் வல்லவர். அவர் வேறொரு வகையாக ஆராய்ந்தார். பொருள் ஒவ்வொன்றும் இழுக்குமாயின், இமயமலையும் இழுக்கும் அன்றோ? கலியானாவில் தொங்கிய குண்டைப் பூமி கீழே இழுத்தபோது, வடக்கே நின்ற இமயம் தன் பக்கம் சிறிது இழுத்திருக்கும். குண்டு சாய்ந்திருக்கும், உச்சி பிசகியிருக்கும். மலையின் இழுப்பு முன்னரே அறியப்படாததன்று. 1774ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தில் ஷிஹாலியன் என்னும் தனிமலையின் இரு புறமும் மஸ்கலின் என்பவர் தூக்குநூலைத் தொங்கவிட்டு, மலை அதனை இழுப்பதை மெய்ப்பித்திருந்தார். நம் வண்டலூர்க் குன்றும் கொத்தனாரின் குண்டைத் தன்பால் இழுக்கத்தான் செய்கின்றது. ஆனால் அவ்விழுப்பு ஒரு விகலையின் சிறு கூறே ஆகும்.

பிராட் இமயத்தின் உயரம், அகலம், நீளம் அனைத்தையும் கணக்கிட்டார். மலையின் பொருண்மையினால் இரு ஊர்களுக்கும் இடையே ஏற்படவேண்டிய பிசகு 15.885 விகலை என்று விடை வந்தது. அளவையாளர் கண்டதோ 5.236 விகலைதான். வியப்பு இப்போது தலைகீழாயிற்று. 'குண்டு ஏன் சாய்ந்தது?' என்பது பழைய வினா. 'இவ்வளவு பெரிய மலை அருகே இருந்தும் குண்டு ஏன் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே சாய்ந்தது?' என்பது புதிய வினா. பிராட் இதனைத் தம் கணக்கின் பிழையென்று மறைத்துவிடாமல், பொருந்தாத விடையைப் பொருந்தாதபடியே 1855இல் உலகின்முன் வைத்தார். என் கருத்தில், அவர் செய்த கணக்கைக் காட்டிலும் இச்செயல் பெரிது.

உடனே ஜார்ஜ் ஏரி என்னும் ஆங்கில வானநூல் அறிஞர் ஒரு விளக்கம் தந்தார். குளத்தில் மிதக்கும் மரக்கட்டைகளை நோக்குங்கள். பருத்த கட்டை நீருக்குமேல் உயர்ந்து தோன்றும். அதே அளவில் நீருக்குள்ளும் ஆழ்ந்து கிடக்கும். மலைகளும் அத்தகையனவே. உயர்ந்த மலையின் அடியில் எடை குறைந்த பாறை ஆழமாக வேர்விட்டு, அடர்த்தி மிகுந்த கீழ்ப்பாறையில் மிதப்பதுபோல் நிற்கின்றது. வெளியே தெரியும் மலை இழுக்கின்றது. உள்ளே கனமான பாறை இருக்கவேண்டிய இடத்தில் எடை குறைந்த வேர் இருப்பதனால் அவ்விழுப்பில் பெரும்பகுதி ஈடாகிவிடுகின்றது. 1859இல் பிராட் தாமும் ஒரு விளக்கம் கூறினார். உயர்ந்த இடத்தின் கீழே பாறையின் அடர்த்தியே குறைவு என்பது அவர் கருத்து. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு எனினும், இமயத்தைப் பொறுத்தவரையில் ஏரியின் கூற்றே பெரிதும் பொருந்துகின்றது. பிற இடங்களில் நில ஓட்டின் தடிப்பு சராசரியாக 35 அல்லது 40 கிலோமீட்டராக இருக்க, இமயத்தின் அடியிலும் திபெத்தின் அடியிலும் அது ஏறத்தாழ 70 கிலோமீட்டர் என்று நிலநடுக்க அலைகளைக் கொண்டு பின்னர் அறிந்தனர். தூக்குக் குண்டு பொய் சொல்லவில்லை; எவரும் காணாத மலைவேரைத்தான் அது சொல்லியது.

ஈர்ப்பை அளப்பதற்குத் தூக்குநூல் ஒன்றே வழியன்று. அந்நூலைச் சற்றே ஆட்டிவிட்டால் அது ஊசல். ஈர்ப்பு மிகுந்த இடத்தில் ஊசல் விரைந்து ஆடும். குறைந்த இடத்தில் மெல்ல ஆடும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த வானாராய்ச்சி நிலையத்தில், கோல்டிங்காம் என்பவர் 1821ஆம் ஆண்டில் ஊசலை ஆட்டி எண்ணினார். நொடிக்கு ஒரு வீச்சு ஆடும் ஊசலுக்கு இலண்டனில் வேண்டிய நீளத்தைக் காட்டிலும் சென்னையில் ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கிற்குச் சற்று மிகுதியாகக் குறைத்தல் வேண்டும் என்பது தெரிந்தது. பூமி நடுக்கோட்டினருகே புடைத்தும், துருவங்களில் தட்டையாகவும் இருப்பதும், தன்னைத்தானே சுழல்வதும் இதற்குக் காரணம். இதே கோல்டிங்காம், கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிக்கச் செய்து, ஒளியைக் கண்டபின் ஒலி கேட்க எத்தனை நொடி ஆயிற்று என்று எண்ணி ஒலியின் விரைவையும் அளந்தவர். பரங்கிமலைக்கு அறிவியல் பட்ட கடன் சிறிதன்று.

1865ஆம் ஆண்டு முதல் பாசேவி என்னும் அலுவலர் ஊசற் கருவிகளைச் சுமந்துகொண்டு இந்நாடெங்கும் திரிந்தார். கன்னியாகுமரிக் கரை, மினிக்காய்த் தீவு, இமயச் சாரல் என்று அவர் பயணம் நீண்டது. இறுதியாக லடாக்கின் உயர்ந்த மேட்டுநிலத்தில் ஊசலை ஆட்டினார். மலையின் உள்ளே எடைக் குறைவு உண்டு என்பதற்கு அவர் எண்ணிக்கை நேர்ச்சான்றாயிற்று. அக்குளிரிலும் காற்றுக் குறைவிலும் நோயுற்று, 1871ஆம் ஆண்டு ஜூலை மாதம் அங்கேயே இறந்தார். அவருக்கு நாற்பது வயதும் நிறையவில்லை. ஊசல் எத்தனை முறை ஆடிற்று என்று எண்ணுவதற்காக ஒருவர் உயிரையே கொடுத்தார் என்பதை நினைக்க நெஞ்சம் சிறிது கனக்கின்றது.

நம் அருகே இன்னொரு புதிரும் உண்டு. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்புக் குறைந்த பெரும்பரப்பு ஒன்று கிடக்கின்றது. இழுப்புக் குறைவினால் நீர் அங்கு வந்து குவியாமல் வேறிடங்களுக்கு விலகுகின்றது. ஆதலால் கடல்மட்டம், கணக்குப்படி இருக்கவேண்டியதைவிட 106 மீட்டர் தாழ்ந்துள்ளது. உலகில் இதனினும் ஆழ்ந்த ஈர்ப்புப் பள்ளம் இல்லை. தமிழ்நாடும் அதன் சரிவிலேதான் இருக்கின்றது. அங்கே செல்லும் கப்பல் பள்ளத்தில் இறங்குவதுபோல் தோன்றுமோ என்று நீங்கள் கேட்கலாம். தோன்றாது. நீர்ப்பரப்பு எங்கும் தூக்குநூலுக்குச் செங்குத்தாகவே அமையும்; ஆகவே மாலுமிக்கு எல்லாம் மட்டமே. பூமியின் ஆழத்தில் நிகழும் வெப்பப்பாறையின் எழுச்சியே இப்பள்ளத்திற்குக் காரணமாகலாம் என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர் 2023ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் கூறியுள்ளனர்.

ஈர்ப்பை அளக்கும் கலை இன்று கிணற்று நீர் வரையில் வந்துவிட்டது. 2002ஆம் ஆண்டில் இரட்டைச் செயற்கைக் கோள்களை வானில் ஏவினர். ஒன்றன்பின் ஒன்றாக ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் அவை சென்றன. கீழே பொருண்மை மிகுந்த இடம் வரும்போது முன்செல்லும் கோள் சற்று முன்னே இழுக்கப்படும். இடைவெளி மயிரிழை கூடும். அந்த மயிரிழையை அளந்து, நிலத்தடியில் நீர் குறைவதனால் உண்டாகும் எடைக்குறைவையும் கண்டனர். இராசத்தான், பஞ்சாப், அரியானா ஆகிய பகுதிகளில் 2002க்கும் 2008க்கும் இடையே 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் தொலைந்தது என்று 2009இல் கணக்கு வெளிவந்தது. மேட்டூர் அணையை நாற்பது முறை நிரப்பும் நீர் அது. ஆழ்துளைக் கிணறுகள் இறங்கிக்கொண்டே போகும் ஊர்களில் வாழும் நமக்கு இச்செய்தி அயலாருடையதாகத் தோன்றாது.

இனிக் காந்தத்திற்கு வருவோம்.

கொத்தனாரின் குண்டு இரும்பாயினும் பித்தளையாயினும் பூமிக்கு ஒன்றுதான். ஈர்ப்பு எதனையும் வேறுபிரித்து நோக்குவதில்லை. காந்தமோ தேர்ந்தெடுக்கும், இரும்புக் குண்டை இழுக்கும், பித்தளைக் குண்டைத் திரும்பியும் பாராது. ஈர்ப்பு இழுப்பதை மட்டுமே அறியும். காந்தம் இழுக்கவும் தள்ளவும் அறியும். வலிமையில் எது பெரிது? ஒரு குண்டூசியைத் தரையில் வைத்து, விரல்நுனி அளவுள்ள காந்தத்துண்டை மேலே கொண்டுசெல்லுங்கள். ஊசி எழும்பி ஒட்டிக்கொள்ளும். அந்த ஊசியை முழுப் பூமியும் கீழே இழுத்துக்கொண்டிருந்தது என்பதை மறவாதீர்கள்! ஈர்ப்பு மிக மெலிந்த விசை. பூமியும் ஞாயிறும் மிகப் பெரியனவாக இருப்பதனாலேயே அது உலகங்களை ஆள்கின்றது.

வண்டலூர், பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை ஆகிய இடங்களின் குன்றுகளில் கருநீலம் கலந்த ஒருவகைக் கடினப் பாறை காணப்படுகின்றது. இதற்குச் 'சார்னோக்கைட்' என்பது பெயர். கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக் என்பவருடைய கல்லறைக் கல் இவ்வகைப் பாறையாய் இருத்தலைக் கண்ட தாமஸ் ஹாலண்டு என்னும் நிலநூல் அறிஞர், 1893இல் அப்பெயரைச் சூட்டினார். இறந்த வணிகர் ஒருவரின் பெயர் நம்மூர்க் குன்றுக்கு வந்து ஒட்டிக்கொண்டது வேடிக்கையே. இப்பாறையில் பிற கனிமங்களோடு காந்த இரும்புத் துகள்களும் விரவியுள்ளன. உருகிய நிலையிலிருந்தோ பெருவெப்பத்திலிருந்தோ பாறை குளிரும்போது, அத்துகள்கள் அக்காலத்துப் பூமியின் காந்தத் திசையைத் தம்முள் பதித்துக்கொள்ளும். ஆகவே பாறைகள் பழைய காந்தத்தின் ஏடுகளாகும்.

பூமியே ஒரு பெருங்காந்தம் என்று 1600ஆம் ஆண்டில் கில்பர்ட் எழுதினார். அக்காந்தம் பிறக்குமிடம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டருக்குக் கீழே, உருகிய இரும்பு புரண்டோடும் வெளிக் கருவில் ஆகும். காந்த ஊசியை மேலும் கீழும் அசையும்படி நடுவில் தாங்கினால், காந்தத் துருவத்தில் அது செங்குத்தாய் நிற்கும். காந்த நடுக்கோட்டிலோ கிடையாய்க் கிடக்கும். அந்தக் காந்த நடுக்கோடு இந்தியாவில் திருநெல்வேலியை ஒட்டிச் செல்கின்றது. ஆதலால் தென்கோடித் தமிழகமும் திருவனந்தபுரமும் காந்த ஆராய்ச்சிக்கு உலகில் அரிய இடங்கள் ஆயின.

திருவனந்தபுரம் வானாராய்ச்சி நிலையத்தில் 1852 முதல் பணியாற்றிய ஜான் ஆலன் பிரௌன், தரையில் அளந்தால் மட்டும் போதாது, உயரத்திலும் அளக்கவேண்டும் என்று எண்ணினார். 1855ஆம் ஆண்டில், ஏறத்தாழ 6,000 அடி உயரமுள்ள அகத்தியமலையின்மேல் ஒரு சிறு காந்த நிலையம் அமைத்தார். யானைகள் உலவும் அடர்ந்த காட்டினூடே கருவிகளைத் தலைச்சுமையாகத்தான் கொண்டுசெல்லவேண்டும். இத்தகைய தொடர்ந்த அளவைகளிலிருந்து, காந்த விசையின் ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய 26 நாட்களுக்கு ஒருமுறை மீண்டும் வருவதை அவர் கண்டார். அது ஞாயிறு தன்னைத்தான் சுற்றும் காலத்தை ஒத்திருந்தது. அகத்தியமலையின் ஊசி, பதினைந்து கோடிக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஞாயிற்றின் சுழற்சியைக் கூறியது என்றால் வியப்பன்றோ?

ஞாயிறு சில வேளைகளில் சீறவும் செய்யும். 1859ஆம் ஆண்டு செப்டம்பரில் பெருங்காந்தப் புயல் ஒன்று பூமியைத் தாக்கியது. பல நாடுகளில் தந்திக் கம்பிகள் செயலிழந்தன. பம்பாயின் கொலாபா நிலையத்தில் 1841 முதல் காந்த ஊசிகளைக் கண்காணித்து வந்தனர். அன்று அங்கு எழுதிவைத்த எண்களே, அப்புயலின் கொடுமையைக் கணிக்க இன்றைய அறிஞர்க்குக் கிடைத்துள்ள அரிய சான்றாகும். இரவும் பகலும் ஊசியைப் பார்த்து எழுதிய அந்த எழுத்தர்களின் பெயரை யாம் அறியோம்.

அதே நிலையத்திற்குப் பின்னர் ஓர் இடையூறு வந்தது. பம்பாய்த் தெருக்களில் மின்சார டிராம் ஓடவிருந்தது. மின்னோட்டம் செல்லுமிடமெல்லாம் காந்தமும் உண்டாகும் அன்றோ? டிராமின் காந்தத்தினிடையே பூமியின் காந்தத்தைப் பிரித்தறிதல் இயலாது. எனவே கடலுக்கு அப்புறம் அலிபாகில் புதிய நிலையம் எழுப்பினர். காந்தம் பற்றாத மணற்கல்லைப் போர்பந்தரிலிருந்து வருவித்துச் சுவர் எழுப்பினர். கீல், ஆணி முதலியவற்றிலும் இரும்பை விலக்கிச் செம்பும் பித்தளையும் இட்டனர். 1904 முதல் 1906 வரையில் இரண்டு நிலையங்களிலும் ஒருங்கே அளந்து ஒப்பிட்ட பிறகே பழையதைக் கைவிட்டனர். 1907இல் டிராம் ஓடிற்று. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்திற்கு 1931இல் மின்ரயில் வந்தபோது, இங்கே இடம்பெயரவேண்டிய காந்த ஊசி எதுவும் இல்லை. சென்னையின் வானாராய்ச்சிப் பணி 1899ஆம் ஆண்டிலேயே கோடைக்கானல் மலைக்கு ஏறிவிட்டது.

காந்த நடுக்கோட்டின்மேல், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில் ஒரு மின்னாறு ஓடுகின்றது. அதனை நேரிற் சென்று ஆராயவே, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் சிற்றூரில் இராக்கெட்டுத் தளம் அமைத்து, 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் முதல் இராக்கெட்டை ஏவினர். அண்மையில், 2015ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள், உதகமண்டலத்திலுள்ள விண்கதிர் ஆய்வுநிலையக் கருவிகள் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வழக்கத்திற்கு மிஞ்சிய விண்கதிர் வரவைப் பதிவு செய்தன. ஞாயிற்றிலிருந்து எழுந்த புயல் தாக்கியபோது நம்மைக் காக்கும் காந்தக் கவசம் சிறிது நேரம் நலிந்தமையே அதன் காரணம் என்று ஆய்வாளர் கண்டனர். அவ்விரண்டு மணி நேரமும் நம்மில் பெரும்பாலோர் உறக்கத்தில் இருந்தோம்.

மாணவர்களே, காந்த ஊசியின் சாய்வை நீங்களும் காணலாம். நீண்ட தையல் ஊசி ஒன்றை எடுத்து, அதன் நடுவில் மெல்லிய பட்டுநூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஊசி கிடையாக நிற்கும்வரை முடிச்சை இப்படியும் அப்படியும் நகர்த்தி, நின்றபின் ஒரு துளி அரக்கிட்டு முடிச்சை உறுதி செய்யுங்கள். இதற்குப் பொறுமை வேண்டும். பின்னர் முடிச்சு அசையாதபடி, ஒரு காந்தத்தின் ஒரே முனையால் ஊசியை ஒரே திசையில் முப்பது முறை தேயுங்கள். இரும்புப் பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில், காற்றுப் படாமல் மறுபடியும் தொங்கவிடுங்கள். ஊசி சுழன்று வடக்கு தெற்காக நிற்கும். கூர்ந்து பாருங்கள்: வடமுனை மட்டத்தினின்று சிறிதே தாழ்ந்திருக்கும். கோடை விடுமுறையில் திருநெல்வேலிக்குச் செல்லும் தோழன் எவனேனும் இருந்தால், அந்த ஊசியை அப்படியே ஒரு பெட்டியில் வைத்து அவனிடம் கொடுத்தனுப்புங்கள். அங்கே அது ஏறக்குறைய மட்டமாக நிற்பதை அவன் காண்பான்.